திருவரங்குளத்தில் நின்றுவிடும் கார்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். இந்த வயதில் அதை ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பால்காரம்மா ஊற்றுகிற பாலில் விரலை விட்டு, நகத்தில் ஒரு சொட்டு நிற்கிறதா என்று பார்ப்பேன். ஜவுளிக்கடையில் புடவையை முழுசாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்வேன். வீட்டைப் பூட்டினால் எல்லோரும் ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். நான் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். "நீ போலீசுல இருக்க வேண்டியவ, தப்பிப் போயி மண்டிக்காரனுக்கு வாக்கப்பட்டுட்ட" என்பார் என் வீட்டுக்காரர். அந்தப் புத்தி பல நேரம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு தடவை ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆலங்குடியில் எங்களுக்குத் தேங்காய், முந்திரிக்கொட்டை மண்டி. முன்னால் மண்டி, பின்னால் வீடு. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, புதுக்கோட்டையில் பெரிய உத்தியோகம் பார்த்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார். அவருடைய கறுப்புக் காரை என் வீட்டுக்காரர் வாங்கினார். அப்போதே அதற்குப் பத்துப் பதினைந்து வயது இருக்கும். காலையில் முன்னால் கம்பியைச் சொருகிச் சுற்றினால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் ராஜநடைதான்.

காரோடு அதன் டிரைவரும் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, பேச்சுக் குறைவு. சம்பளத்தைத் தவிர எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னை 'ஆத்தா' என்பார். கார் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது. ஆலங்குடியில் அப்போது கார் இருந்த வீடுகள் ஐந்தோ ஆறோதான். அந்த வேலை முழுக்கப் பெயரை நம்பியது. ஒரு வீட்டில் கெட்ட பெயர் வாங்கியவன் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார் வந்த சில வருசம் ஒரு தொந்தரவும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில் ஒரு முறை இலுப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்புகையில் பந்தல் வாசலில் ஒரு அம்மாள், "அவுகளுக்கென்ன, கார்ல வாராக கார்ல போறாக" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு மைல் போயிருக்க மாட்டோம், டயர் வெடித்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி வெள்ளிக்கிழமைதோறும் காருக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்று.

ஆயுதபூசைக்கு டிரைவர் வைப்பது போல முன்னால் மட்டும் வைத்தால் போதாது என்று எனக்குப் பட்டது. எதிரே வருகிற காரை யாரும் நின்று பார்ப்பதில்லை, ஒதுங்கத்தான் பார்க்கிறார்கள். போன பிறகுதான் பின்னால் நின்று பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆகவே கண் விழுவது பின்பக்கத்தில்தான். முன் விளக்கு இரண்டுக்கும், ஸ்டியரிங்குக்கும் வைத்துவிட்டு, பின்னால் வலது ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பெட்ரோல் டாங்கியின் பித்தளை மூடிக்கும் நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்தேன். வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடக் கூடாதே என்று சந்தனத்தில் கொஞ்சம் வில்வப்பழப் பிசின் கலந்து குழைப்பேன். ஒரு வாரம் ஆனாலும் அசையாது.

அப்புறம் ஒரு மாதம் போயிருக்கும். கார் நிற்க ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் செவ்வாயும் சனியும் புதுக்கோட்டைக்குப் போவார். பன்னிரண்டு மைல். போகிற வழியில் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் கார் இரண்டு முறை இருமும், மூன்றாம் முறை நின்றுவிடும். டிரைவர் இறங்கி எதையோ செய்வார், மறுபடி கிளம்பும். வரும்போதும் அதே திருவரங்குளம், அதே இருமல். முதல் வாரம் பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டோம். இரண்டாம் வாரம் என் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

"என்ன டிரைவரு, வண்டிக்கு என்ன?"

"கரண்டு நல்லா வருதுங்க ஆத்தா. பிளக்குல ஒயரக் கழட்டிப் பாத்தேன், பொறி நல்லா விழுது. பெட்ரோல்தான் எஞ்சினுக்கு வந்து சேரல."

"டாங்கில இல்லையா?"

"டாங்கில இருக்குங்க. அங்கிட்டு இருக்கு, இங்கிட்டு வரல."

புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவரிடம் காட்டினோம். டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தருகிற பம்பு பழசாகிவிட்டது என்று அதை மாற்றினார். அப்படியும் நின்றது. குழாயில் அடைப்பு என்று காற்று ஊதினார். அப்படியும் நின்றது. கடைசியில் டாங்கியையே இறக்கி, மூடியோடு சேர்த்துக் கழுவிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கழுவி வந்த கார் புதன், வியாழன் ஓடு ஓடு என்று ஓடியது. வெள்ளிக்கிழமை எங்கும் போகவில்லை. சனிக்கிழமை போனார்கள், திருவரங்குளத்தில் நின்றது.

சனிக்கிழமை என்பதால் சனீஸ்வரன் மேல் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன். ஆனால் சனீஸ்வரனுக்குத் திருவரங்குளத்தில் என்ன வேலை? அங்கே வேலை இருந்தது வேறு ஒருவருக்கு. டிரைவரின் மனைவிக்கு அதுதான் ஊர். மைத்துனனுக்கு ரோட்டை ஒட்டிக் கடலைக் கொல்லை, கிணறு, கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒரு எஞ்சின். அந்தக் காலத்து எஞ்சின்களைப் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, ஓட ஆரம்பித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இது எனக்குத் தெரிந்திருந்ததுதான் வினை. தெரியாதவளாக இருந்திருந்தால் அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"நின்னதும் அவரு மொதல்ல என்ன செய்றாரு?"

"பின்னால போவாரு."

"பின்னால போயி?"

"பெட்ரோல் டாங்கி மூடியத் தொறப்பாரு. குச்சி விட்டுப் பாப்பாரு. மூடுவாரு. வந்து ஸ்டார்ட் பண்ணுவாரு, ஓடும்."

"நீங்க எறங்கிப் பாத்தீங்களா?"

"பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிற்பது மைத்துனன் கொல்லைப் பக்கம். திறப்பது பெட்ரோல் டாங்கி. முதலாளி பேப்பர் படிக்கிறார். இதற்கு மேல் ஒரு திருடனுக்கு என்ன வேண்டும்?

மறுநாளே ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கீறி வைத்துக்கொண்டேன். கார் கிளம்பு முன் டாங்கியில் விட்டுப் பார்ப்பேன், வந்ததும் விட்டுப் பார்ப்பேன். கார் எத்தனை மைலுக்கு எவ்வளவு குடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே குறைந்திருந்த நாளில், பார், எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அதிகம் குறையாமல் இருந்த நாளில், எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஈடுகட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். குச்சியை முகர்ந்தும் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அடுத்தவர்களுக்குச் சொல்ல எனக்கு நன்றாக வரும். டிரைவர் நான் குச்சி விடுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கறுத்தது. அதையும் நான் குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானே காரில் ஏறினேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. திருவரங்குளம் வருகிற வரை முன் சீட்டுக்கு மேலாக எட்டி டிரைவரின் காலையே பார்த்தபடி வந்தேன். வேண்டுமென்றே எதையாவது மிதித்து நிறுத்துகிறாரோ என்று. கோபுரம் தெரிகிற இடத்தில் கார் இருமியது. அவர் கால் வைத்த இடத்திலேயே இருந்தது. நின்றுவிட்டது.

அவர் கதவைத் திறந்தார்.

"டாங்கியத் தொட வேணாம்" என்றேன். "தொடாம ஓட்டுங்க, பாப்போம்."

அவர் முன்னால் போய்க் கம்பியைச் சொருகிச் சுற்றினார். வியர்த்து வழிகிற வரை சுற்றினார். கார் உயிர் இல்லாமல் கிடந்தது. அரை மணி நேரம் போல வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மறுபடி சுற்றினார், கிளம்பியது. ஒரு பர்லாங்கு போய் நின்றது.

"ஆத்தா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "மூடிய ஒரு தடவ தொறந்து மூடுனா ஓடும். எதுக்குன்னு எனக்குத் தெரியல. தொறக்கும்போது வண்டி ஒரு பெருமூச்சு விடுது. அப்பறம் ஓடுது."

காருக்குப் பெருமூச்சாம். என்னைப் பச்சைக் குழந்தை என்று நினைத்துவிட்டார் என்று எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது.

"சரி, தொறங்க" என்று சொல்லிவிட்டு நானும் இறங்கிப் பின்னால் போய் நின்றேன்.

அவர் மூடியைத் திறந்த விதத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. யாரும் மூடியைத் திறப்பது போல உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருகவில்லை. ஐந்து விரல் நுனியாலும் ஓரத்தை மட்டும் பிடித்து, சத்தம் வராமல், மெதுவாகத் திருகினார். கோழி அடைகாக்கிற முட்டையை எடுக்கிறவனைப் போல. நியாயமாகத் திறக்கிறவன் எதற்கு இத்தனை பதனமாகத் திறக்க வேண்டும்? திருடித் திருடி வந்த கைப்பழக்கம் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். நான் அவர் விரலைப் பார்த்ததில் சத்தத்தைக் கேட்கவில்லை. மூடினார், ஸ்டார்ட் செய்தார், ஓடியது.

நிறுத்தவும் தெரிகிறது, ஓட்டவும் தெரிகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று வீடு வருகிற வரை எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மண்டி வாசலில் கார் நின்றபோது மூட்டை தூக்குகிறவர்களும் தேங்காய் உரிக்கிறவர்களுமாக எட்டுப் பேர் இருந்தார்கள். உள்ளே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அத்தனை பேர் முன்னாலும், "ஒங்க மச்சான் எஞ்சின் ஓட எங்க பெட்ரோல்தான் கெடச்சுதா? நாளையிலருந்து நீங்க வர வேணாம்" என்றேன்.

உரித்துக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. டிரைவர் கார்ச் சாவியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"வேலைய விட்டுப் போகச் சொல்றீங்க, போறேன்" என்றார். "திருட்டுப் பேரு மட்டும் போட்டு அனுப்பாதீங்க ஆத்தா. அதோட நான் எங்கயும் போயி நிக்க முடியாது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்குள் 'பெட்ரோல் டிரைவர்' என்று அவருக்கு ஊரில் பெயர் விழுந்துவிட்டது. கார் வைத்திருந்த இன்னொரு வீட்டில் அவர் வேலை கேட்டுப் போனதாகவும், அவர்கள் வாசலிலேயே வைத்து அனுப்பிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். நல்லவேளை, நாம் முந்திக்கொண்டோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

புது டிரைவர் என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவு. மீசை, கையில் கடிகாரம், வாயில் எப்போதும் ஒரு பாட்டு. மூன்றாம் நாள் கார் திருவரங்குளத்தில் நின்றது.

அவர் மூடிப் பக்கமே போகவில்லை. நான்தான், டாங்கியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேனே. பிளக்கைக் கழற்றினார், ஒயரைக் கழற்றினார், கழற்றியதை மாட்டத் தெரியாமல் விழித்தார். கடைசியில் யாரோ ஒருவருடைய உழவு மாட்டைப் பூட்டிக் காரை இழுத்து வந்தார்கள். ஆலங்குடிக் கடைத்தெரு வழியாக மாடு இரண்டு முன்னால் போக, பின்னால் எங்கள் கார். உள்ளே என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் கண்ணும் படக்கூடாது என்று நான் பாடுபட்ட காரை அன்றைக்கு ஊரே நின்று பார்த்தது.

இதற்குப் பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பழைய டிரைவர் போகும்போது டாங்கிக்குள் எதையோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். அது இல்லையென்றால் புது ஆளையும் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தது கூட இல்லடி" என்றார் என் வீட்டுக்காரர். பார்க்காத மாதிரி இருப்பதுதான் கூட்டுக்களவாணிகளின் லட்சணம் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

கார் வர முடியாததால் மெக்கானிக் பஸ் ஏறி ஆலங்குடிக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பானட்டைத் திறந்து, கழன்று கிடந்த பிளக்கையும் ஒயரையும் மாட்டினார், வேறு எதையும் தொடவில்லை.

"எங்கிட்டு நிக்குதோ அங்கிட்டே போயி நிக்க விட்டுப் பாப்போங்கம்மா" என்றார். "இங்க நின்னு பாத்தா இது நல்ல புள்ள மாதிரி இருக்கும்."

மாடு இழுத்த மறுநாளே புது டிரைவர் நின்றுவிட்டார். மெக்கானிக் ஓட்ட, நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் உட்கார்ந்தோம். மெக்கானிக்கின் கையையும் கவனித்துக்கொண்டுதான் வந்தேன், யாரை நம்புவது? கோபுரம் தெரிந்தது, கார் இருமியது, நின்றது.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பழைய டிரைவர் நின்ன ஒடனே மொதல்ல என்னம்மா செய்வாரு?"

"டாங்கியத் தொறப்பாரு. அதான் சொன்னேனே."

"தொறந்தா ஓடும்னு அவரு சொன்னாரா?"

"சொன்னாரு. வண்டி பெருமூச்சு விடுதாம்."

மெக்கானிக் கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கிப் பின்னால் போனார். நாங்களும் போனோம். அவர் உள்ளங்கையை மூடி மேல் வைத்து அழுத்தித் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம், நீளமாக, எங்கள் மூன்று பேர் காதிலும் தெளிவாக விழுந்தது. பெருமூச்சேதான்.

அவர் மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். சூரியனுக்கு நேரே பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நடுவுல ஊசி மொன அளவுக்கு ஒரு தொள தெரியுதாம்மா? அதுல வெளிச்சம் வருதான்னு பாருங்க."

துளை தெரிந்தது. வெளிச்சம் வரவில்லை.

அவர் என் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி அந்தத் துளையில் விட்டுக் குடைந்தார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார்.

"சந்தனம்" என்றார். "கல்லு மாதிரி எறுகிப் போயிருக்கு. எண்ண டின்னுல ஒத்த ஓட்ட போட்டுக் கவுத்தா எண்ண ஊத்துமாம்மா?"

ஊற்றாது. எங்கள் வீட்டில் எண்ணெய் டின் வந்தால் ஆணியை வைத்து இரண்டு துளை போடுகிறவள் நான்தான். ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்றுப் போக. அவர் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்றுப் போக வேண்டும், அதற்குத்தான் அந்தத் துளை. துளை அடைத்துவிட்டால் பத்து மைலுக்குள் கார் மூச்சு முட்டி நின்றுவிடும். வீட்டில் குச்சி விட்டுப் பார்க்கத் திறக்கிறோம், புதுக்கோட்டையில் பெட்ரோல் போடத் திறக்கிறோம். அங்கிருந்து வந்தாலும் இங்கிருந்து போனாலும் மூச்சு முட்டுகிற இடம் திருவரங்குளமாக அமைந்துவிட்டது. 

"பாதி டிரைவருக்கு இப்படி ஒரு தொள இருக்குன்னே தெரியாது. நானும் பம்ப மாத்தினேன், டாங்கியக் கழுவினேன், மூடியப் பாக்கல" என்றார். "பொட்டு வச்சவுக நல்லாத்தான் வச்சிருக்காக. நெத்தின்னு நெனச்சு மூக்குல வச்சுட்டாக."

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூடியில் மெக்கானிக்கின் உள்ளங்கை பட்ட இடத்தில் குங்குமம் அழிந்து பரவியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. டிரைவர் ஏன் விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்துத் திருகினார் என்பது. ஒரு பெண்பிள்ளை வைத்த குங்குமம் தன் கை பட்டு அழிந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அத்தனை மாதமும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் திறந்திருக்கிறார். அந்த மரியாதையைத்தான் நான் களவு என்று படித்தேன். எனக்கு அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. வெட்கத்தில் அழுகை கூட வரவில்லை.

கொல்லை பக்கத்தில்தான் இருந்தது. நான் மட்டும் ரோட்டை விட்டு இறங்கி நடந்தேன். டிரைவர் மைத்துனன் கொல்லையில் கூலிக்குக் கடலை பறித்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பிடித்த விரல்களில் மண் அப்பியிருந்தது. கிணற்றடியில் அந்த எஞ்சினும் இருந்தது. துருவேறி, வார் இல்லாமல், சக்கரத்துக்கு நடுவில் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. அந்த எஞ்சின் ஓடி இரண்டு வருசமாவது இருக்கும். நான் ஒரு தடவை ரோட்டிலிருந்து இறங்கி வந்து பார்த்திருந்தால் போதும்.

எல்லாவற்றையும் சொன்னேன். துளை, சந்தனம், பிசின், எதையும் மறைக்கவில்லை. தப்பு என் மேல்தான், வாருங்கள் என்றேன். அவர் பறித்த செடியை உதறி வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்டார்.

"வாரேங்க ஆத்தா. ஆனா நீங்க அன்னைக்கி மண்டி வாசல்ல வச்சுச் சொன்னீங்க. இங்க சொல்றத இந்தக் கடலச் செடிதான் கேக்கும்."

அவர் கேட்டது நியாயம். மறுநாள் காலையில் மூட்டை தூக்குகிறவர்களும் தேங்காய் உரிக்கிறவர்களும் வந்த பிறகு அவரும் வந்தார். நான் வாசலில் நின்று சொன்னேன். "வண்டிலதான் கோளாறு. மூடியில அடைப்பு இருந்திருக்கு. டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னது தப்பு." தட்டுத் தடுமாறி அவ்வளவையும் சொல்லிவிட்டேன்.

உரிக்கிறவர்களில் வயதான ஒருவர், "என்ன அடைச்சுக்கிட்டு இருந்துச்சாம் ஆத்தா?" என்று கேட்டார்.

எட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோட்டுப் புழுதி" என்றேன்.

டிரைவர் அங்கேயேதான் நின்றார். அவருக்கு உண்மை தெரியும், முந்தின நாள் நானே சொன்னது. என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமாங்க, புழுதி ரொம்ப" என்று அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு காருக்குப் போனார். அவர் பெயரை நான் எட்டுப் பேர் முன்னால் கெடுத்தேன். அதே எட்டுப் பேர் முன்னால் என் பெயரை அவர் காப்பாற்றினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் எது எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று மத்தியானம் புதுக்கோட்டைக்குக் கிளம்பும் முன் அவர் குரல் கேட்டது. "ஆத்தா, செத்த வாங்க. மூடியத் தொறக்கணும்." நான் அடுக்களையிலிருந்து வந்து நின்ற பிறகுதான் திறந்தார். நான் பார்த்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் குச்சியை விட்டார், மூடினார். அடுத்த தடவையும் கூப்பிட்டார். அதற்கடுத்த தடவையும். நான் ஊரில் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரரை, அவரும் இல்லாவிட்டால் மண்டியில் யாரையாவது ஒருவரை. "நான் எதுக்கு, நீங்களே தொறங்க டிரைவரு" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "இல்லங்க, நீங்க நில்லுங்க" என்பார். குரலில் கோபம் இருக்காது. அதனால் நானும் போய் நிற்பேன்.

பத்து வருசம் அப்படி நின்றேன். அறுபதுகளில் அந்தக் காரை விற்கிற நாள் வந்தது. வாங்க வந்தவர் டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். டிரைவருக்குத் தலை நரைத்திருந்தது. வாசலில் இருந்தபடி, "ஆத்தா, செத்த வாங்க" என்று கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்த மூடிக்குப் பொட்டு வைப்பதை நான் நிறுத்திப் பத்து வருசமாகியிருந்தது. வெறும் பித்தளை. அவர் அதை விரல் நுனியால், ஓரத்தைப் பிடித்துத்தான் திருகினார்.